எதிர்ப்பு ஒன்று

அண்ணன் போனபின் ‘சகோதரர்கள் அச்சகம்’ என்ற பெயர் என்னை உறுத்தியது. பெயரை மாற்ற நான் மட்டும் உட்கார்ந்து கூட்டம் நடத்தி, தீர்மானத்தில் ‘ஆதரவு ஒன்று’ என்று எழுதிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தேன்.

“எதிர்ப்பும் ஒன்னுன்னு இருக்கே சார். சமமா இருந்தா செல்லாது,” என்றார் எழுத்தர்.

எழுத்து என்னுடையதுதான். ஆனால் அந்த வரியை நான் எழுதவில்லை. உயிரோடு இருந்தபோதும் அண்ணன் நான் சொல்லும் எதற்கும் முட்டுக்கட்டை போடுவார்.

திருத்தி எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் அதே கதை.

நேற்று மதியம் அண்ணனுடைய நாற்காலியைத் துடைத்து எதிரே போட்டுக்கொண்டேன். பெயர் மாற்ற விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் எழுதினேன். ஆதரவு ஒன்று.

எழுத்தர் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

“ஆதரவு ரெண்டு. இப்பவாவது ஒத்துப்போனீங்களே.”