முட்டி வலிக்கு ஒரு செட்டு

"ஏனுங்க தம்பி, இந்தச் செட்டு கேக்கவே மாட்டேங்குதுங்க. இன்னும் கொஞ்சம் வேகமானதாப் பாத்துக் குடுங்க."

காலை ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் ராமாத்தாள் மெடிக்கல் கடைக் கண்ணாடி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

கடைக்கார அன்பழகனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பத்து நாளாக அவன் கொடுத்துக்கொண்டிருந்தது சுண்ணாம்புச் சத்து மாத்திரை. வெற்றிலையில் தடவிக் கொடுத்திருந்தாலும் அதே பலன்தான். அது எப்படிக் கேட்கும்?

இளம்பிள்ளை ஊரில் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது டி.பார்ம். அதையும் தத்தித் தத்தித்தான் கரையேறினான். ஆனால் தறி ஓட்டுகிற ஊரில் வலி என்றால் யாரும் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போய் டோக்கன் போட்டு உட்காரமாட்டார்கள். "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள்.

வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. வலியை அமுக்குவது வெள்ளைதான். மற்ற இரண்டும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, கூடப் போகிறவை.

பன்னிரண்டு வருஷமாக அவனும் காகிதத்தில் மடித்து மடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

போன மாதம் மாதேஸ்வரன் வந்தான். மூட்டை தூக்குகிறவன். நாலு வருஷம் தினம் ஒரு செட்டு தின்றவன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சண்டைக்குத்தான் வருகிறான் என்று அன்பழகன் அலமாரிப் பக்கம் ஒதுங்கினான்.

"உங்க மாத்திரையிலதானுங்க நாலு வருசம் மூட்டை தூக்குனேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான் மாதேஸ்வரன்.

அப்படிக் கும்பிட்டதற்கு அவன் அடித்தே இருக்கலாம்.

அன்றைக்கு அன்பழகன் கண்ணில் அடுத்ததாகப் பட்டவள் ராமாத்தாள். அரை வருஷமாக முட்டி வலிக்கென்று காலையில் ஒரு செட்டு, சாயங்காலம் ஒரு செட்டு. கொடுத்தால் கிட்னி போகும். கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவாள். வலி இருந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். புத்தியும் சொல்லிப் பார்த்தான்.

"வலி போனாப் போதுமுங்க. கிட்னிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றுவிட்டாள்.

அப்புறம்தான் ஒருநாள் வெள்ளையை மாற்றினான்.

மூன்றாம் நாளே அவளுக்குச் சந்தேகம் வந்தது. "புதுக் கம்பெனிங்கக்கா, மெதுவாத்தான் கேக்கும்" என்று கூசாமல் சொன்னான்.

அதன்பிறகு தினமும் அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தான். நொண்டல் இல்லை, முனகல் இல்லை. லாரிக்கு முன்னால் குடுகுடுவென்று ரோட்டைத் தாண்டினாள். பாதி வலி மனசில்தான் இருக்கிறது என்று பொண்டாட்டி பிரபாவிடம் பெருமையடித்தான். "பஸ் ஸ்டாண்டுல உங்களுக்குச் செல வெக்கறதுதான் பாக்கி" என்றாள் அவள்.

சிலையாகப் போகிறவன் ராமாத்தாளுக்கு இறங்கிவருவதாயில்லை.

"முட்டிக்கு இதுக்கு மேல வேகம் ஆகாதுங்கக்கா. அப்பறம் உங்களையும் தறியோட சேத்து ரிப்பேருக்குத்தான் அனுப்போணும்."

அவள் சிரிக்கவில்லை. வேறு யாரும் கடைக்கு வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"எம் முட்டிக்கு என்னங்க, கல்லாட்டம் இருக்குது. மாத்திரை எங்க ஊட்டுக்காரருக்குங்க."

அவள் புருஷன் வேலுமணியைத் தெருவில் பார்த்தே அரை வருஷம் இருக்கும். மகள் வீட்டில் இருக்கிறார் என்றுதான் ஊரில் பேச்சு.

"கேன்சருங்க. எலும்புக்குள்ள பூந்துருச்சு. ஊட்டுல வெச்சுப் பாத்துக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. ஊருக்குத் தெரியவேண்டாம்னாரு, அதான் முட்டின்னு சொன்னேன். பத்து நாளா துண்ட வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கறாருங்க, சத்தம் பக்கத்து ஊட்டுக்குப் போயிரும்னு."

அன்பழகன் உள் டிராயரை இழுத்தான். பழைய வெள்ளை. காகிதத்தில் மடிக்காமல் அட்டையோடு அப்படியே நீட்டினான்.

"இது கேக்குங்கக்கா. இது கண்டிப்பாக் கேக்கும்."

"மாத்திரையக் கொற சொல்லலீங்க சாமி" என்றாள் ராமாத்தாள், அவன் முகத்தைப் பார்த்துப் பதறி. "அரை வருசம் உங்க மாத்திரையிலதான் அவரு தூங்குனாரு. இப்ப அதுக்கே வலி அடங்கலீன்னா காலம் முடிஞ்சுதுன்னு அவராவே முடிவு பண்ணிட்டாருங்க. நேத்துல இருந்து தண்ணிக்குக்கூட வாயத் தொறக்கறதில்ல."