மூன்றாவது தட்டு

வீரம்மாவின் முகத்தைத் தண்ணீரில் முக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார் தரணிதரன். வீரம்மா பக்கத்திலேயே நின்று, மூச்சுக்கூட விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலிமில் படமெடுத்து, இருட்டறையில் பெரிதாக்கிக் கழுவித் தரும் ஆள் குன்னூரில் இப்போது அவர் ஒருவர்தான். வீரம்மாவின் மகள் சசிரேகா, பி.ஏ., மூன்று வாரமாக அவரிடம் வேலை பார்க்கிறாள்.

"வெயிலும் குளிரும் தின்ன முகம் ஒண்ணு வேணும் சசி" என்று அவர் கேட்டதும், அம்மாவை லீவு போடவைத்துக் கூட்டி வந்துவிட்டாள். ஊட்டிக் கண்காட்சிக்குத்தான் என்று அவளாகவே முடிவுசெய்து, எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லியும் விட்டாள். மகள் பட்டம் வாங்கிய அன்று கட்டிய சேலையில் வந்திருந்தாள் வீரம்மா.

சிவப்பு விளக்கடியில் இரண்டு படங்கள் கிடந்தன. ஒன்று, படத்தைப் பெரிதாக்கும் கருவியில் புது லென்ஸ் மாட்டிப் போட்டது. கண்ணோரக் கோடுகளை எண்ணிவிடலாம். மற்றது மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த பழைய லென்ஸில் போட்டது.

"புதுசுதான் சார். அம்மா அப்படியே இருக்காங்க" என்றாள் சசிரேகா.

"உங்கம்மா சொல்லட்டும்." பூதக்கண்ணாடியை வீரம்மாவிடம் நீட்டினார்.

அவள் பழைய லென்ஸ் படத்தின் மேல் குனிந்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த முகம் அதில் இல்லை.

"ஏனுங்க தொர, இது நானுங்களா? பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்ற மூஞ்சி இப்படி இல்லீங்க!"

"கண்ணுக்குக் கீழ சுருக்கம் தெரியுதா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"கழுத்துல?"

"அட, இல்லீங்க!"

"அப்ப பழசுதான்" என்றார் தரணிதரன். அவர் இவ்வளவு சிரித்து சசிரேகா பார்த்ததில்லை.

மேஜை ஓரத்தில் கிடந்த உறையை அவள் நகர்த்தி வைத்தாள். 'ஈவ்லின் மேடம், ஐம்பதாவது பிறந்தநாள்' என்று எழுதியிருந்தது. "உங்க எஸ்டேட் மேடம் படம்மா."

"எனக்கும் அவங்களுக்கும் ஒரே வயசு கண்ணு. ரெண்டு பேரையும் ஒரே செவுத்துல மாட்டிப்போடாதீங்க தொர, ஆளு மாறிப்போயிரும்!"

மூவரும் சிரித்தார்கள்.

"சார், மூணாவது தட்டு காலியா இருக்கு. மருந்து ஊத்தட்டுமா?"

"அதுக்கென்ன அவசரம்?"

வீரம்மா ஈரப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "வெளிய எங்க எஸ்டேட் டிரைவர் எல்லப்பன் ஜீப்போட நிக்கிறானுங்க. ஒரு தடவை காட்டிட்டு வரட்டுங்களா?"

"தாராளமா. நீங்களே வச்சுக்கங்க."

வாசலில் நல்ல வெயில். "எங்க, சினிமா ஸ்டார் மூஞ்சியக் காட்டுக்கா" என்று எல்லப்பன் ஜீப்பிலிருந்து குதித்தான்.

அவன் கிட்டே வருவதற்குள் படத்தில் நெற்றி மங்கியது. பிறகு கன்னம். வீரம்மா ஈரமென்று நினைத்து முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கண்களும் போயின.

"இதென்னக்கா, அடுப்புக்கரியா?" என்றான் எல்லப்பன்.

"ஏங் கண்ணு, என்ற மூஞ்சி ஏன் கருக்குது?"

சசிரேகா உள்ளே ஓடினாள். தரணிதரன் பழைய லென்ஸை மாட்டி, மேடத்தின் உறையிலிருந்து நெகட்டிவை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மா படம் கருத்துப்போச்சு! கண்காட்சிக்கு..."

"எந்தக் கண்காட்சி? லென்ஸ் டெஸ்ட் பண்ணப் போட்டது அது. உங்கம்மா சுருக்கத்தையே மறைச்சிடுச்சே, இனி யாருக்கு வேணா போடலாம்."

நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இப்ப அந்த மூணாவது தட்டுல மருந்தை ஊத்து சசி, மேடம் முகம் கருத்துடக் கூடாது."