சோதனைக்கு ஒரு சொட்டு

குழந்தைகள் வார்டின் பால் சோதனைக் கருவியில் இருபதாவது நாளாகச் சிவப்பு விளக்கே எரிந்தது. மகிழினி பீய்ச்சிக் கொடுத்த தாய்ப்பாலில் நான்கு மூலக்கூறு பிளாஸ்டிக் இருக்கிறதாம். முதல் வாரம் கிண்ணம் நிறைய வந்த பால் இப்போது அரைக் கரண்டிதான் வந்தது. நர்ஸ் அதையும் தொட்டியில் ஊற்றினாள்.

அந்தக் கருவியைச் செய்தவள் மகிழினியின் அம்மா சங்கமித்ரா. முப்பது வருடம், மூலக்கூறுகளை எடைபோட்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு மல்லுக்கட்டி, ஒற்றை மூலக்கூறைக்கூட விடமாட்டேன் என்று நின்று பிடித்தவள். அவள் பிடித்த மறுவருடமே சட்டம் வந்தது: குழந்தை குடிப்பதில் நச்சு அறவே இருக்கக் கூடாது.

"நாலு மூலக்கூறு ஒண்ணும் பண்ணாதும்மா," என்றாள் சங்கமித்ரா நர்ஸிடம். "என் லேப்ல கழுவிக் கழுவி வெச்ச வெறும் குப்பிகூட ஒரு நாளும் பூஜ்யம் காட்டினதில்ல."

"இருக்கலாம் மேடம். பச்சை எரியாம பால் குடுக்க விட்டா என் வேலை போயிடும்."

கண்ணாடிக்கு அப்பால் மகிழினியின் குழந்தை குழாய் வழியாக ஏதோ மாவுக் கரைசலைக் குடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ எனக்குப் பால் குடுத்தியா?" என்று மகிழினி கேட்டாள்.

"ஒன்றரை வயசு வரைக்கும்."

"அப்ப இந்த மெஷின் இல்லையா?"

"உன்னை மடியில போட்டுக்கிட்டுத்தான் அதுக்குப் படம் வரைஞ்சேன்."

மகிழினி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி திரைக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் கழித்து வந்தபோது அதில் ஒரே ஒரு சொட்டு இருந்தது.

சோதனைக்கு அது போதும்.