எண்ணெய்த் தலை

சிதம்பரத்து ஆஸ்பத்திரி அறை. அமராவதியின் தலையில் மாட்டிய துணித் தொப்பியிலிருந்து வயர்கள் தொங்குகின்றன. கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒரு நீலப் பந்து கிடக்கிறது. பக்கவாதத்தில் விழுந்துவிட்ட வலது கையை மடக்க அவள் மனதால் முயன்றால், மூளையின் அந்த முயற்சியைப் பிடித்துப் பந்து மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. பக்கத்தில் நிற்கும் கணவர் சிங்காரம் பந்தையும் வயர்களையும் மாறி மாறிப் பார்க்கிறார். பயிற்சி தரும் அனுப்பிரியா தொப்பியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள். “தலைக்கு எண்ணெ வச்சி கூட்டியாந்தீங்களா ஐயா? எண்ணெ இருந்தா சிக்னல் வராது.” சிங்காரம் நெளிகிறார். “ஊருக்குப் போறோமேன்னு நாந்தாம்மா தேச்சி சடை போட்டேன்.” “நல்லவேள, எங்கூரு முந்திரிக்கொட்ட எண்ணெய தேய்க்காம உட்டாரே. தோலே உரிஞ்சிருக்கும்” என்கிறாள் அமராவதி, குழறலாக.

ஷாம்பு போட்டு அலசிய தலையிலிருந்து நீர் சொட்டுகிறது. மறுபடி தொப்பி. மடியில் ஈரத் துண்டு, அதன்மேல் வலது கை. ஜன்னல் வெயில் விரல்களில் விழுகிறது. பந்து நடுங்குகிறது, பிறகு தயங்கித் தயங்கி மேலே போகிறது. சிங்காரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அங்க இல்ல ஐயா, கையப் பாருங்க” என்கிறாள் அனுப்பிரியா. ஆள்காட்டி விரல் மடங்குகிறது. துண்டில் ஒரு சின்னச் சுருக்கம் விழுகிறது. சிங்காரம் துண்டருகே குனிகிறார். “நீ போடுற கோணச் சடைக்கு பயந்துதான் வெரலு மடங்குது மாமா” என்கிறாள் அமராவதி. சுருக்கம் மெல்ல விரிகிறது. மறுபடி விழுகிறது.