கையில் வராத வீக்கம்

"பதினோரு வருஷமா காசநோய் வார்டுல வேலை பார்க்கறாங்க. சோதனை ஊசி போட்ட இடத்துல கொசுக்கடி அளவுக்குக்கூட வீக்கம் இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்?"

நர்சுகள் அறையில் இப்படிக் கேட்டவள் 'ரேடியோ'. அவளும் நர்ஸ்தான். வாயை மூடாததால் வந்த பட்டப்பெயர்.

"என்ன அர்த்தம்?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த அட்டெண்டர்.

"நோயாளி பக்கமே போகலைன்னு அர்த்தம் அண்ணே! கிருமி உள்ளே போயிருந்தா அந்த ஊசிக்குக் கை வீங்கணும். இந்த வார்டுல உங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும் வீங்குது. அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் வீங்கலை? ஜன்னல் திறக்கற சாக்குல ஓரமாவே நின்னுட்டாங்க."

'அந்தம்மா' உள்ளே வந்தார். மணிக்கொரு தரம் வார்டு ஜன்னல்களை அகலத் திறந்துவைக்கும் பழக்கத்தால் அவருக்கு 'ஜன்னல் சிஸ்டர்' என்று பெயர்.

"அக்கா, கையைக் காட்டுங்க பார்ப்போம்!"

அவர் காட்டினார். மழமழவென்று இருந்தது.

ரேடியோ தன் கையை நீட்டினாள். ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. "இது மெடல்க்கா! ஒழுங்கா வேலை பார்த்தவங்களுக்குத்தான் கிடைக்கும்."

விளையாட்டுப் பேச்சு இல்லை அது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் புது வார்டு தயாராகியிருந்தது. பன்னிரண்டு படுக்கை. அதற்கு யார் பொறுப்பு என்று தலைமை டாக்டர் இன்றைக்குச் சொல்லப்போகிறார். அந்தப் பொறுப்பைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ரேடியோவும் ஜன்னல் சிஸ்டரும்தான்.

"யார் என்ன சொன்னாலும் அந்த வார்டு எனக்கு வேணும்" என்றார் ஜன்னல் சிஸ்டர். "போன வருஷம் நாலு பேர் பாதியிலேயே மாத்திரையை நிறுத்திட்டுப் போனாங்க. ரெண்டு பேர் திரும்பி வரவே இல்லை. இந்தத் தடவை ஒருத்தரையும் விட மாட்டேன்."

"நோயாளி பக்கமே போகாதவங்க எப்படிக்கா தடுப்பீங்க?"

அட்டெண்டர் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது தலைமை டாக்டர் வந்தார். ஒவ்வொரு வருஷமும் லேப்காரர் கையை எட்டிப் பார்த்து, வீக்கத்தின் அளவு என்று ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போவார். இந்த முறை டாக்டரே ஸ்கேலும் பேனாவுமாக வந்திருந்தார்.

"டாக்டர், முதல்ல அக்காவைப் பாருங்க!" என்றாள் ரேடியோ.

பார்த்தார். "பூஜ்யம்."

"நான் சொல்லலை?"

"இரும்மா. போன மாசம் எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்தோமே, ரிப்போர்ட் வந்தாச்சு. இவங்க உடம்புக்குள்ள கிருமி போயிருக்கு. ஒரு தடவை இல்லை, பல தடவை. உடம்பு வேற ஏதோ வழியில சண்டை போட்டிருக்கு, அதான் கை வீங்கலை. சிலருக்கு அப்படி இருக்கும். ஏன்னு இன்னும் முழுசாப் பிடிபடலை. வீங்காததை வெச்சு வேலை செய்யலைன்னு சொல்ல முடியாது."

அட்டெண்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த வார்டுல அப்படி ரெண்டு பேர் இருக்காங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது" என்றார் டாக்டர். "கையை நீட்டும்மா."

ரேடியோ தயங்கி நீட்டினாள். டாக்டர் பேனா முனையைத் தோலில் வைத்து, சிவப்பை நோக்கி மெல்ல நகர்த்தினார். வீக்கம் இருந்தால் அதன் விளிம்பில் பேனா தட்டி நிற்க வேண்டும். அது வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. சிவப்பின் நடுவே மெல்லிய நகக்கீறல்கள் தெரிந்தன.

டாக்டர் நிமிர்ந்தார். "இது எப்படி...?"

ரேடியோ மறுகையால் சிவப்பை மூடப் பார்த்தாள்.

"வாட்ச் பட்டை டாக்டர்" என்றார் ஜன்னல் சிஸ்டர். "அவளுக்கு அது ஒத்துக்கறதே இல்லை."

டாக்டர் ரேடியோவைப் பார்த்தார். வாட்ச், வார்டு வழக்கப்படி, பட்டை இல்லாமல் அவள் மார்பில் குத்தியிருந்தது.

"சரி, பட்டைதான்" என்று சொல்லிவிட்டு நோட்டில் இன்னொரு பூஜ்யம் போட்டார். பிறகு பையிலிருந்து புது வார்டின் சாவியை எடுத்து ஜன்னல் சிஸ்டரிடம் கொடுத்தார். "ஒரு ஆள் துணைக்கு வெச்சுக்கங்க. நீங்களே சொல்லுங்க."

"இவ வரட்டும் டாக்டர்."

டாக்டர் போனார். கூடவே அட்டெண்டரும் நழுவினார்.

"என்னை எதுக்குக்கா?" என்றாள் ரேடியோ. "எனக்கு எட்டு வருஷமா வீக்கமே வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நகத்தால கீறித்தான்... என்னையும் வேலைக்கள்ளின்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதனாலதான் முந்திக்கிட்டு உங்களைச் சொன்னேன். நான் வேலை செஞ்சவள்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

ஜன்னல் சிஸ்டர் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூணாம் படுக்கைக்காரர் ரத்த ரத்தமா வாந்தி எடுத்தாரே, அன்னிக்கு அவர் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு?"

"நான்தான்."

"ட்ரேயை ஏந்திக்கிட்டு எதிர்ல நின்னது யாரு?"

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்கதான்க்கா."