பிடிக்காத பிரேக்

"உள்ள வாங்கோ, புஷ்பராஜ். அவர் கண் முழிச்சிட்டார். முதல் வேலையா உங்களைத்தான் கேட்டவர்" என்றாள் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்ற பிரியந்தனின் மனைவி றேணுகா.

புஷ்பராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான். நினைவு திரும்பிய மனிதர் எடுத்த எடுப்பில் கார் மெக்கானிக்கைக் கேட்கிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். தோடம்பழப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிரேக் வேலை என்றால் புஷ்பராஜின் கராஜைத்தான் கை காட்டுவார்கள். வெள்ளவத்தையிலிருந்து பிரியந்தன் தேடி வந்ததும் அதற்காகத்தான். பழைய, இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதை ரேஸ் ட்றாக்கில் ஓட்டவேண்டும், வேகத்துக்குத் தக்க பிரேக் வேண்டும் என்றார்.

புஷ்பராஜ் ஆசையாகத்தான் செய்தான். முன்சில்லுகளுக்குப் பெரிய டிஸ்க் போட்டதும் முன்பக்கம் மட்டும் இறுகி, கார் மூக்கைக் குத்தியது. பின்சில்லுகளுக்கும் நல்ல பேட் மாற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிட ஒரு வால்வைப் பூட்டி, ஓட்டிப் பார்ப்பதும் திருகுவதுமாக வாரக்கணக்கில் மினக்கெட்டான். கடைசியில் எப்படி மிதித்தாலும் கார் நேர்கோட்டில் நின்றது.

எல்லாம் சரி. அந்தக் கடைசி நட்தான் இப்போது அவனைக் கொன்றது.

முன்சில்லுக்குப் பிரேக் எண்ணெய் போகும் குழாயின் நட் அது. ஒரு சுற்று இறுக்கிய நேரம் போன் அடித்தது. பேசி முடித்து வந்து மீதியை இறுக்கினானா? சில்லைப் பூட்டியது ஞாபகமிருந்தது. சாவியை நீட்டியது ஞாபகமிருந்தது. நட்டை இறுக்கியது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இறுகாத நட் தெருவில் தாங்கும். ட்றாக்கில் ஓங்கி மிதித்தால் எண்ணெய் பீச்சியடித்துப் பெடல் பொத்தென்று கீழே போய்விடும்.

விபத்துக்குப் பிறகு காரைப் போய்ப் பார்த்திருந்தான். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி, குழாய்கள் எல்லாம் அறுந்து கிடந்தன. எது முதலே கழன்றது, எது மோதியதில் அறுந்தது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"நேரா மதில்லயா மோதிச்சு, மிஸ்?" என்று றேணுகாவிடம் தயங்கிக் கேட்டான்.

"ஓம். எல்லாரும் பிரேக் பிடிக்கிற வளைவாம். ட்றாக்கில ஒரு டயர் அடையாளமும் இல்லையாம், நிண்டு பார்த்த ஆக்கள் சொல்லினம்."

புஷ்பராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பிரேக் பிடிக்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"பிழை என்னிலதான்" என்றாள் றேணுகா, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி. "மகனை டெங்கு கொண்டுபோன நாளில இருந்து மனிசன் கதைக்கிறதையே விட்டிட்டார். இந்தக் கார் ஒண்டுதான் அவருக்கு மனசை மாத்திற ஒரு பிராக்கு. நான்தான் ட்றாக்கில போய் ஓடிட்டு வாங்கோ எண்டு கலைச்சுவிட்டனான். நீங்கள் நல்ல பிரேக் போட்டுக் குடுத்தபடியாத்தான் உயிராவது மிஞ்சினது."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த நன்றியை அவனால் தாங்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் மனம் சொன்னது. அப்படி நினைத்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

உள்ளே பிரியந்தன் காலில் மாக்கட்டோடு, தலையில் துணிக்கட்டோடு படுத்திருந்தார். புஷ்பராஜைக் கண்டதும் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"றேணு, மருந்துக்கடைக்குப் போகவேணும் எண்டனீரெல்லோ? இப்ப போயிட்டு வாருமன். புஷ்பராஜ் நிப்பார்."

அவள் போய்க் கதவு சாத்தியதுதான் தாமதம், புஷ்பராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்துவிட்டான்.

"சேர், என்னை மன்னிச்சிருங்க. தப்பு என் மேலதான். குழாய் நட்டை நான் இறுக்கல. நடுவுல போன் வந்துச்சு, அப்படியே மறந்துபோய் சில்லை மாட்டிட்டேன். பொலிஸுக்கு வேணும்னாலும் நானே போய்ச் சொல்லிர்றேன், சேர். மிஸ் முகத்தைத்தான் பார்க்க முடியல."

இறுக்கினேனா என்ற சந்தேகம் எந்த நேரத்தில் இறுக்கவில்லை என்ற முடிவாக மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை.

பிரியந்தன் முகட்டைப் பார்த்தபடியே கிடந்தார். கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுப் பக்கமாக இறங்கியது. பிறகு மெதுவாகக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்கள் இப்பிடி உங்களைப் போட்டு வதைப்பியள் எண்டு தெரியும். அதுதான் முதல்ல உங்களைக் கூப்பிடச் சொன்னனான்."

"சேர்..."

"பிரேக்கில ஒரு பிழையும் இல்லை, புஷ்பராஜ்." அவர் கதவை ஒருதரம் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"நான் மிதிக்கவேயில்லை."