பூட் தானாகத் திறக்கிறது

"முன்னால என்ன வேணா பிரிச்சுப் போடு தம்பி. பூட் மட்டும் தொறக்கக் கூடாது."

வட்டாரத் தமிழர் பாராட்டுப் பேரவையின் நிரந்தரத் தலைவர் திருச்செல்வம் வாயைத் திறந்தால் அது தீர்மானம். வழிமொழிய ஆள் தேவையில்லை.

வியாதியே அந்தப் பூட்தான். காரின் பின்பக்கம் கண்ட இடத்தில் தானாகத் திறந்துகொள்கிறது. அதைத் திறக்காமல் வைத்தியம் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் லோகேஸ்வரன் தலையாட்டினான். சாயங்காலம் யோங் பெங் மண்டபத்தில் பேரவையின் ஆண்டுவிழா. கார் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், இந்த வருஷமும் அவனுக்கு மேடை உண்டு என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

போன வருஷம் 'சிறந்த தொழில்முனைவர்' என்று அவனுக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான். அந்தப் படம் ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவன் பட்டறையில் ஸ்பேனர் பலகைக்கு மேலே, முருகனுக்குப் பக்கத்தில் தொங்கியது. முருகனைவிட ஒரு விரற்கடை உயரமாக. படத்தில் அவன் பொன்னாடையின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தான், யாரோ பிடுங்க வருகிறார்கள் என்பதுபோல.

வந்தார்கள். மேடைப் படியிறங்கும்போதே பேரவை ஆள் ஒருவர் பக்குவமாக உருவிக்கொண்டார். ஜரிகையில் பேர் தைத்து அனுப்பிவைப்பார்களாம்.

"பேரு தைக்கிறாங்களா, இல்ல பட்டுப்பூச்சியே வளக்குறாங்களா?" என்று அவன் மனைவி ரூபினி கேட்காத வாரமில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினான். அது கையில் வந்துவிட்டால் லோகேஸ்வரனுக்கும் குரல் மாறிவிடும்.

"இதுக்குப் பேரு பாடி கன்ட்ரோல் மோடியூல், தலைவரே. வெளக்கு, கதவு, கண்ணாடி, ஹார்ன் எல்லாம் இவரக் கேட்டுத்தான். சொந்தமா ஒரு வேலயும் செய்யமாட்டாரு. உத்தரவு மட்டும் போடுவாரு."

தலைவருக்கு மோடியூலைப் பிடித்துப்போயிற்று.

திரையில் பூட் பட்டன் அழுத்தப்பட்டிருப்பதாக வந்தது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மறைந்தது. லோகேஸ்வரன் காரை ஓர் உலுக்கு உலுக்கினான். மறுபடியும் வந்தது.

"காரோட மூள நல்லாத்தான் இருக்கு. பின்னாலருந்து யாரோ அதுகிட்ட பொய் சொல்றாங்க. ஒயரப் பாக்கணும், தலைவரே. பூட் தொறந்தாத்தான்..."

"அலமாக்! அந்த மூளயவே மாத்திடுலா. உள்ள பேரவையோட ரகசிய ஆவணம் இருக்கு."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. நாதஸ்வரக்காரர் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதில் ஏதோ சிக்கல். தலைவர் சாலையோரம் நடந்தபடியே ஆணைகள் பிறப்பிக்கத் தொடங்கினார்.

லோகேஸ்வரன் பூட் பக்கமே போகவில்லை. இறங்கி முன்கதவைச் சாத்தினான். கொஞ்சம் அழுத்தியே சாத்தினான்.

டக்.

பூட் மெல்ல, சபைக்கு வணக்கம் சொல்வதுபோல் எழுந்தது.

உள்ளே பொன்னாடைகள். சிவப்பு, பச்சை, நீலம், துணிக்கடைபோல் மடித்து அடுக்கியிருந்தன. பேர் பொறிக்காத கேடயங்கள். கசங்கிவிடக் கூடாதென்று கீல் கம்பியில் மாட்டியிருந்த ஒரு கனத்த ஜிகினா மாலை.

மாலையைக் கட்டிய கம்பி ஆடி ஆடிப் பக்கத்து ஒயரின் தோலை உரித்திருந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் செம்பு இரும்பைத் தொட, யாரோ பட்டனை அழுத்திவிட்டதாக மோடியூல் நம்பியிருக்கிறது. பாவம்.

மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஒயரை ஒட்டி, டேப் சுற்றினான். கையூன்ற இடம் வேண்டி மேலே இருந்த நீலப் பொன்னாடையை நகர்த்தினான்.

அதன் ஜரிகை ஓரத்தில் ஒருவருடைய சந்தனம் இருந்தது. இன்னொருவருடைய குங்குமம். சாப்பாட்டுக்குப் பிறகு மேடையேறிய எவரோ விட்டுச்சென்ற குழம்பு மஞ்சள்.

எல்லாவற்றுக்கும் அடியில், கறுப்பாக, ஒரு கட்டை விரல் தடம்.

லோகேஸ்வரன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு தன் கட்டை விரலைப் பார்த்தான். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேர் எங்கும் தைத்திருக்கவில்லை.

இருந்தபடியே மடித்து வைத்து, பூட் மூடியை ஓசைப்படாமல் இறக்கினான்.

தலைவர் வந்தார். "ஆச்சா? தொறந்து கிறந்து பாத்தியா?"

"நான் தொறக்கல, தலைவரே. இனி அதுவும் தொறக்காது."

தலைவர் அவன் தோளைத் தொடப்போய், எண்ணெயைக் கண்டு காற்றில் தட்டினார். "சாயங்காலம் வந்துடு. பொன்னாட காத்திருக்கு."

"தெரியும், தலைவரே."

கார் போயிற்று. வேகத்தடையில் ஏறி இறங்கியும் பூட் அசையவில்லை. வேலை சுத்தம்.

ரூபினி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சோப்புத்தூள் டப்பாவுமாக வந்து நின்றாள்.

"கையத் தேச்சுக் கழுவுங்க. போன வருஷம் மாதிரி அழுக்கோட போயி நிக்காதீங்க."

லோகேஸ்வரன் டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. காலடியில் கிடந்த கழிவு எண்ணெய்த் தட்டில் இரண்டு கைகளையும் ஒருமுறை நிதானமாக நனைத்து எடுத்தான். பிறகு, சட்டையில் பட்டுவிடாதபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பட்டன நீயே போட்டு வுடு. காரும் நீயே ஓட்டு."